எதிர்காற்றில் 16 கிலோமீட்டர்

நெதர்லாந்துக்குக் குடிவந்த நம் ஆட்கள் ஊருக்குப் போன் பேசும்போது தவறாமல் சொல்லும் ஒரு விஷயம் உண்டு: "இங்க சைக்கிள் ஓட்டப் பயமே கிடையாது." நானும் ஐந்து வருடமாக அதையேதான் சொல்லிவந்தேன். பொய்யில்லை. சைக்கிளுக்கென்று தனிப் பாதை, தனி சிக்னல். பஸ் உரசாது, லாரி முதுகுக்குப் பின்னால் வந்து ஹாரன் அடிக்காது. ஆனால் போன அக்டோபரில் நான் மாட்டிக்கொண்டது எந்த வண்டியும் மோதி அல்ல. முன்னும் பின்னும் கண்ணுக்கெட்டிய வரை ஒரு ஆள்கூட இல்லாத, வழுவழுவென்ற, அருமையான சைக்கிள் பாதையில்தான். யாராவது முன்பே இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு 275 யூரோவும் பத்து நாள் முழங்கால் வலியும் மிச்சமாகியிருக்கும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பணகுடிப் பக்கம். முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்தவள். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில், ஆடி மாதக் காற்றில் தாவணியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள். ஆகவே காற்றைப் பற்றி எனக்கு வெள்ளைக்காரன் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்ற மிதப்பு இருந்தது. போன வருடம் பழைய ரோடு பைக் ஒன்றை 450 யூரோவுக்கு வாங்கினேன். மெல்லிய டயர், வளைந்த ஹேண்டில், ஆழமான கார்பன் ரிம். அந்த ரிம்மை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நாங்கள் இருப்பது அல்மேரே. ஊர் முழுக்கக் கடலடியாக இருந்த இடம். கேரளத்துக் குட்டநாட்டில் காயலுக்குள் வரப்புக் கட்டி, நீரை இறைத்துவிட்டு நெல் போடுவதைப் பார்த்தவர்களுக்கு போல்டர் என்றால் என்னவென்று சட்டெனப் புரியும். அதையே மாவட்ட அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். 1932இல் 32 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கரை கட்டிக் கடலின் வாயை அடைத்தார்கள். உள்ளே அகப்பட்ட தண்ணீர் ஆற்றுநீர் சேர்ந்து நன்னீர் ஏரியானது. பிறகு ஏரிக்குள் மறுபடி கரை கட்டி, பாத்தி பாத்தியாக நீரை இறைத்து நிலம் எடுத்தார்கள். எங்கள் பாத்தி 1968இல் காய்ந்தது. அதனால் மேடு பள்ளம் என்ற பேச்சே இல்லை. மேடு என்று ஒன்று இருந்தால் அது மனிதன் போட்ட கரையாகத்தான் இருக்கும். சைக்கிளுக்கு இதைவிடச் சுகமான பூமி வேறு ஏது என்றுதான் முதலில் தோன்றும்.

அந்த ஞாயிறு என் திட்டம் எளிமையானது. அல்மேரேயிலிருந்து ஓஸ்ட்வார்டர்ஸ் கரைமேல் லேலிஸ்டாட் வரை சுமார் 30 கிலோமீட்டர். அங்கிருந்து ஏரியின் நடுவே போகும் ஹௌட்ரிப் கரையில் 27 கிலோமீட்டர் போனால் எதிர்க்கரையில் எங்க்ஹவுசன். அங்கே ரயில் ஏறி வீடு. வார இறுதியில் ரயிலில் எந்நேரமும் சைக்கிள் ஏற்றலாம், தனியாக ஒரு நாள் சீட்டு வாங்கினால் போதும். வேலைநாளில் காலை ஆறரை முதல் ஒன்பது வரையும் மாலை நான்கு முதல் ஆறரை வரையும் ஏற்றக் கூடாது என்பதைக்கூடப் படித்து வைத்திருந்தேன். படிக்க வேண்டிய வேறு எதையும் படிக்கவில்லை.

பதினொன்றரைக்குக் கிளம்பினேன். முந்தின இரவுதான் இங்கே குளிர்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள். ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம் கிடைத்த சந்தோஷத்தில் மெதுவாகத்தான் புறப்பட்டேன். போன வாரம் ஆறரைக்கு மேல்தானே இருட்டியது, நிறைய நேரம் இருக்கிறது என்று மனக்கணக்கு. கடிகாரம் பின்னுக்குப் போனால் இருட்டு ஒரு மணி நேரம் முன்னுக்கு வரும் என்பது மண்டையில் ஏறவே இல்லை. அன்று சூரியன் மறைந்தது ஐந்தேகாலுக்கு. அக்டோபர் கடைசி ஞாயிறு வெளியே போகிறவர்கள் அன்றைய அஸ்தமன நேரத்தைப் போனில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். முந்தின வார ஞாபகத்தை நம்பாதீர்கள்.

முதல் முப்பது கிலோமீட்டரைப் பற்றி எழுதினால் பொறாமைப்படுவீர்கள். இடதுபுறம் மார்கர்மேர் ஏரி, கடல் மாதிரி. வலதுபுறம் கரைக்குக் கீழே நிலம். ஏரித் தண்ணீர் உயரத்தில் இருக்கிறது, நிலம் அதைவிடத் தாழ்வாக இருக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் வயிற்றில் ஒரு சின்னப் புரட்டல். வழியில் ஒரு பெரிய பம்பு நிலையம் வரும். ராப்பகலாக நீரை ஏரிக்கு ஏற்றிக்கொண்டிருப்பதால்தான் எங்கள் வீட்டுக் கூடம் நனையாமல் இருக்கிறது. அதைத் தாண்டினால் ஓஸ்ட்வார்டர்ஸ்பிளாசன் சதுப்பு நிலம். தொழிற்சாலைகளுக்காக ஒதுக்கி, தாழ்வான இடம் என்பதால் நீர் தேங்கிக் கிடந்து, நாணல் முளைத்து, வாத்தும் கொக்குமாகப் பறவைகள் தாமாக வந்து குடியேறிய இடம். வெண்வால் கழுகு இந்த நாட்டில் முதன்முதலாகக் கூடு கட்டியதும் அங்கேதான், 2006இல். நான் பார்த்தது ஆயிரக்கணக்கான காட்டு வாத்துகளையும் தூரத்தில் குதிரைக் கூட்டத்தையும். காற்று முதுகில். மிதிக்கிறேனா மிதக்கிறேனா என்று தெரியவில்லை. மீட்டரில் 30, 31 என்று காட்டுகிறது. நல்ல ஃபார்மில் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். பின்காற்று இருக்கிறதே, அது தன் பெயரைச் சொல்லாது. காதில் சத்தம் இருக்காது, முகத்தில் படாது. எல்லாம் நம் கால் வலிமை என்று தோன்றும். இப்போதெல்லாம் என் வேகம் வழக்கத்தைவிட ஐந்து கிலோமீட்டர் கூடுதலாக இருந்தால் நின்று, புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கிறேன்.

லேலிஸ்டாட்டை ஒன்றேகாலுக்குத் தொட்டேன். அங்கே தண்ணீர் ஓரமாக இரும்புக் கம்பியால் செய்த, 26 மீட்டர் உயரத்தில் குந்தியிருக்கும் மனிதன் சிலை ஒன்று உண்டு. ஏரியைப் பார்த்துச் சிந்திக்கிறான் என்பது கலைஞர்கள் கருத்து. ஊர்க்காரர்கள் அவன் வேறு காரியமாகக் குந்தியிருக்கிறான் என்கிறார்கள். போட்டோ எடுத்தேன். கடையில் வரிசை நீளமாக இருந்ததால் சாப்பாடு வாங்கவில்லை. பையில் இருந்த ஒரு வாஃபிளைத் தின்றேன். இரண்டு மணி நேரத்தில் எங்க்ஹவுசனில் சூடாகச் சாப்பிட்டுக்கொள்ளலாம். இதுவும் பின்காற்று போட்ட கணக்குதான்.

ஹௌட்ரிப் கரை எதற்காகக் கட்டினார்கள் என்று தெரிந்தால் சிரிப்பு வரும். இன்னொரு பாத்தி எடுப்பதற்காக 1975இல் முடித்த வரப்பு அது. அந்தப் பாத்தியை எடுக்கவே இல்லை. கடைசியில் திட்டத்தையே கைவிட்டார்கள். வரப்பு மட்டும் இரண்டு பக்கமும் தண்ணீரோடு நிற்கிறது. பக்கத்தில் கார் ரோடு ஓடுகிறது, நமக்குத் தனிப் பாதை. மரம் கிடையாது. வீடு கிடையாது. குறுக்குச் சாலை, பஸ் நிறுத்தம், நிழற்குடை எதுவும் கிடையாது. ஏறக்குறைய பாதிவழியில் டிரிண்டல்ஹாவன் என்று படகுகள் ஒதுங்க ஒரு சின்னத் துறையும் வண்டி நிறுத்துமிடமும் உண்டு. அவ்வளவுதான். சாதாரண போல்டர் சாலையில் மாட்டிக்கொண்டால் ஏதாவது பண்ணை வீட்டுக் கதவைத் தட்டலாம். இங்கே தட்டக் கதவே இல்லை.

நான்கு கிலோமீட்டர் போயிருப்பேன். மேற்கே ஒரு கருத்த பட்டை வந்தது. பத்து நிமிடம் அடித்து ஊற்றியது. மழைக்கோட்டு இருந்தது, அது பரவாயில்லை. மழை நின்றபோதுதான் காற்று மாறியிருந்தது தெரிந்தது. தென்மேற்கிலிருந்து வடமேற்குக்கு. இந்தப் பக்கத்து நாடுகளில் அப்படித்தான்: குளிர்காற்றைக் கூட்டிக்கொண்டு வரும் மழைப்பட்டை கடந்தால் காற்று வலப்புறமாகத் திரும்பும். நான் போய்க்கொண்டிருந்தது நேர் வடமேற்கே. காலையில் போனில் பார்த்தபோது 'தென்மேற்கு, 4' என்று போட்டிருந்தது. விரலால் ஒரு தள்ளு தள்ளியிருந்தால் மூன்று மணிக்கான அம்புக்குறி திரும்பியிருப்பதும், பக்கத்தில் 6 என்று எழுதியிருப்பதும் தெரிந்திருக்கும். இங்கே காற்றை எண்ணில்தான் சொல்வார்கள். 4 என்றால் சமாளிக்கலாம். 5 என்றால் மணிக்கு 29 முதல் 38 கிலோமீட்டர், தனி ஆளுக்குக் கஷ்டம். 6 என்றால் 39 முதல் 49. எங்கள் ஊர் ஆடிக்காற்றும் கிட்டத்தட்ட இப்படித்தான், ஆனால் அங்கே பனைமரம், வேலி, வீட்டுச் சுவர் என்று எதாவது ஒன்று வந்து பத்தடிக்கு ஒருமுறை மூச்சுவிட இடம் கொடுக்கும். இங்கே ஏரியின் முழு அகலத்தையும் கடந்து வந்த காற்று நேராக நெஞ்சில் வந்து மோதுகிறது.

மேடு ஏறினால் இறங்கவும் வேண்டும், இறக்கத்தில் கால் ஓய்வெடுக்கும். எதிர்காற்று முடியவே முடியாத மேடு, அதற்கு இறக்கம் கிடையாது. மிதிப்பதை நிறுத்தினால் நான்கு விநாடியில் வண்டி நின்றுவிடுகிறது. சமதரை என்று நம்பி வருகிறவர்களுக்கு இது யாரும் சொல்லாத ரகசியம்: சமதரையில் ஒரே நிலையில் உட்கார்ந்து, ஒரே மாதிரி மிதித்து, இடுப்பும் மணிக்கட்டும் உட்காரும் இடமும் மரத்துப்போகும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நின்று மிதியுங்கள், கையை மாற்றிப் பிடியுங்கள். எதிர்காற்றில் வேகத்தைப் பார்க்காதீர்கள், மூச்சைப் பாருங்கள். கியரை இரண்டு பல் குறைத்து, பேசினால் வார்த்தை வரும் அளவுக்கே மிதியுங்கள். நான் ரோஷத்தில் பெரிய கியரிலேயே அழுத்தினேன். முழங்கால் வலிக்குக் காரணம் அதுதான்.

ஒன்பதாவது கிலோமீட்டரில் பின்சக்கரம் பஞ்சர். பதறவில்லை. சீட்டுக்கு அடியில் ஸ்பேர் ட்யூப், லீவர், சின்னப் பம்பு எல்லாம் இருந்தன. டயரைக் கழற்றினேன், புது ட்யூபைப் போட்டேன், பம்பை மாட்டப் போனால் பிடிக்க எதுவும் இல்லை. ஆழமான ரிம் என்று சொன்னேனே, அதற்கு நீளமான வால்வு வைத்த ட்யூப் வேண்டும். நான் டயர் அளவைப் பார்த்து வாங்கினேன், வால்வு நீளத்தைப் பார்க்கவில்லை. வால்வின் நுனி ரிம்முக்குள்ளேயே ஒளிந்துகொண்டது. ஸ்பேர் ட்யூப் இருப்பதும் இல்லாததும் ஒன்று. வீட்டில் ஒருமுறையாவது உங்கள் ஸ்பேர் ட்யூபைப் போட்டு, உங்கள் பம்பாலேயே காற்றடித்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. நான் செய்யவில்லை.

பழைய ட்யூபுக்கே ஒட்டுப் போட்டேன். குளிரில் விரல் மடங்கவில்லை. பசை காயும் முன்பு ஈரம் பட்டுவிடுகிறது. மழைக்கோட்டைக் கூடாரம் மாதிரி தலைக்கு மேல் போட்டுக்கொண்டு ஒட்டினேன். ஐம்பத்தைந்து நிமிடம். அவசரத்தில் டயரின் உள்பக்கம் விரலால் தடவிப் பார்க்கவில்லை. குத்திய கூர்மையான கல் துணுக்கு அங்கேயே இருந்தது. ஊரில் பஞ்சர் கடை அண்ணாச்சி ஒவ்வொரு தடவையும் டயருக்குள் விரலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் மாட்டுவார். நூறு தடவை பார்த்திருக்கிறேன். எதற்கென்று ஒருநாளும் கேட்டதில்லை.

நடுவில் உள்ள துறையைத் தாண்டியபோது மணி நான்கு. நான் திரும்பியிருக்க வேண்டிய இடம் அதுதான். திரும்பினால் காற்று முதுகில், லேலிஸ்டாட்டுக்கு அரைமணியில் போயிருப்பேன். நேராகப் போனால் இன்னும் பதினான்கு கிலோமீட்டர், என் அப்போதைய வேகம் மணிக்கு ஒன்பது. எட்டு வயதுப் பிள்ளையும் போடும் கணக்கு. ஆனால் மனது வேறு கணக்கு போட்டது: பாதி வந்தாயிற்று, இவ்வளவு பாடுபட்டாயிற்று, திரும்பினால் அத்தனையும் வீண். பசி வேறு. பசியில் எடுக்கிற முடிவு சரியாக இருக்காது என்பதை இப்போது அடித்துச் சொல்வேன். முதலில் நின்று எதையாவது தின்னுங்கள், பிறகு யோசியுங்கள். என்னிடம் தின்ன எதுவுமில்லை.

மூன்று கிலோமீட்டர் தள்ளி அதே துணுக்கு அதே ட்யூபை மறுபடி குத்தியது. இந்தமுறை ஒட்டு ஒட்டவே இல்லை. கோபத்தில் காற்றில்லாத சக்கரத்திலேயே அரைக் கிலோமீட்டர் ஓட்டினேன். அந்த அரைக் கிலோமீட்டரின் விலை 160 யூரோ, ரிம்மில் விரிசல் விழுந்துவிட்டது. பிறகு உட்கார்ந்து அழுதேன். அழுததை ஏன் மறைக்க வேண்டும்? கார்கள் விளக்கு போட்டுக்கொண்டு பக்கத்துச் சாலையில் போய்க்கொண்டே இருந்தன. அவர்களுக்கு நான் தெரிந்திருக்கவே மாட்டேன். சைக்கிள் பாதையில் கடைசியாக ஒரு ஆளைப் பார்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஊரில் பெண் பிள்ளை இருட்டில் தனியாக நடந்தால் எவனாவது வந்துவிடுவானோ என்று பயப்படுவோம். அங்கே எவனாவது வரமாட்டானா என்று இருந்தது.

போனில் 14 சதவீதம். குளிரும் மேப்பும் சேர்ந்து பேட்டரியைக் குடித்திருந்தன. வீட்டுக்காரருக்கு அடித்தேன்.

"எங்க நிக்க?"

"கரையில."

"எந்தக் கரையில? எத்தனாவது கிலோமீட்டரு?"

"அதான் தெரியலிய."

எங்களிடம் கார் கிடையாது. அவர் டாக்ஸிக்குப் போன் செய்தார். அவர்கள் முதலில் கேட்டது அஞ்சல் குறியீடு. இந்த நாட்டில் குறியீடு இருந்தால் பூனைக்குட்டியைக்கூட வீட்டுக்கு வரவழைக்கலாம், இல்லாவிட்டால் நீங்கள் இருப்பதே கிடையாது. ஏரி நடுவில் குறியீட்டுக்கு எங்கே போவது? அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது, பெரிய சாலைகளின் ஓரத்தில் நூறு மீட்டருக்கு ஒரு சின்னப் பலகை இருக்கும், சாலை எண்ணும் கிலோமீட்டரும் எழுதியிருக்கும் என்று. மேலே ஏறிப் பார்த்துச் சொன்னேன். ஆனால் கார் அங்கே நிறுத்த முடியாது, துறைக்குத் திரும்பி நட என்றார்கள். இந்தப் பலகை விஷயம் ஆம்புலன்ஸுக்கும் பொருந்தும். 112க்கு அடித்தால் முதலில் கேட்பது இடத்தைத்தான். உட்புறச் சைக்கிள் பாதைகளில் பலகைக்குப் பதில் சந்திப்பு எண்கள் இருக்கும். 'க்னோப்புண்ட்' என்பார்கள், ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு எண். போக வேண்டிய எண்களை வரிசையாகக் காகிதத்தில் எழுதி ஹேண்டிலில் ஒட்டிக்கொண்டால் போனைத் தொடவே வேண்டாம். கடைசியாகக் கடந்த எண் நினைவிருந்தால் நாம் எங்கே இருக்கிறோம் என்று சொல்லவும் முடியும்.

மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடந்தேன். அடியில் இரும்புக் கட்டை வைத்த சைக்கிள் ஷூ, டக் டக் என்று. காற்று இப்போது முதுகில், எவ்வளவு அன்பாகத் தள்ளியது தெரியுமா! துறைக்கு வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. டாக்ஸி ஆறே முக்காலுக்கு வந்தது. ஓட்டுநர் மொராக்கோக்காரர், வயதானவர். சக்கரத்தைக் கழற்றி டிக்கியில் வைக்க உதவினார், தன் தெர்மாஸிலிருந்து இனிப்பான புதினா டீயை ஊற்றிக் கொடுத்தார். எதுவும் கேட்கவில்லை. லேலிஸ்டாட் ஸ்டேஷன் வரை 60 யூரோ. டயரும் ட்யூபும் 55, பழைய சக்கரம் ஒன்று 160. இதுதான் அந்த 275.

அம்மாவிடம் ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னேன். "நம்மூர்ல இல்லாத காத்தையா அங்க போயி தேடுன?" என்றாள்.

சைக்கிளை விடவில்லை. பழக்கங்கள் சில மாறின. முதலில் எதிர்காற்றில் போய், கால் தெம்பாக இருக்கும்போதே கஷ்டத்தை முடித்து, பின்காற்றில் திரும்புவது. ரயிலில் திரும்புவதாக இருந்தால், ரயிலில் முதலில் போய்க் காற்றோடு வீட்டுக்கு வருவது. அம்புக்குறியை மணிவாரியாகப் பார்ப்பது, குறிப்பாக மழைக்கு முன்னும் பின்னும். 5 என்றால் கரைப்பக்கம் போகாமல் மரங்களும் வீடுகளும் உள்ள உட்பாதையில் சுற்றுவது. கிளம்பும் முன்பே 'எத்தனை மணிக்கு எங்கே இருந்தால் திரும்ப வேண்டும்' என்று எழுதி வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுவது. சாலையில் வைத்து முடிவெடுக்கும் பொறுப்பை என்னிடம் விடக்கூடாது என்று எனக்கே தெரிந்துவிட்டது. இந்த ஊர்க்காரர்கள் வேறு ரகம். புயலாக அடிக்கும் நாளாகப் பார்த்து, சேலாண்டு மாகாணத்தில் ஒரு கடல் தடுப்பின் மேல் எட்டரைக் கிலோமீட்டர் கியர் இல்லாத சைக்கிளில் எதிர்காற்றுப் போட்டியே நடத்துகிறார்கள். அவர்கள் நடத்தட்டும்.

மே மாதத்தில் மறுபடி அதே கரைக்குப் போனேன், இந்தமுறை எங்க்ஹவுசனிலிருந்து. ரயிலில் போய் இறங்கி, வடமேற்குக் காற்று 3, முதுகில். பையில் நீள வால்வு ட்யூப் இரண்டு, நான்கு வாழைப்பழம், புளிச்சாதம் ஒரு டப்பா, பவர் பேங்க். காற்று, பஞ்சர், இருட்டு எல்லாவற்றுக்கும் தயார். ஏரிக்கரை எங்கும் மே மாதத்தில் கொசு மாதிரிப் பூச்சிகள் புகைபோல எழும்பும் என்பது மட்டும் தெரியாது. கடிக்காது. ஆனால் வாயைத் திறந்துகொண்டு ஓட்டக்கூடாது. டிரிண்டல்ஹாவனில் நின்று புளிச்சாதத்தைச் சாப்பிட்டேன், கண்ணாடியில் ஒட்டியிருந்ததையெல்லாம் துடைத்துவிட்டு.